ஜாக்குலின் வண்டிக்குச் சாத்திய பட்டு

ஆரணியில் ஜாக்குலின் அக்காவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் ஓட்டும் வண்டியைத் தெரியாதவர்கள் கிடையாது. எங்கள் கண் ஆஸ்பத்திரிக்கு யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துவிட்டுப் போன பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கும், எந்த மேட்டையும் ஏறும். ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் உள்ளூர் மெக்கானிக்குகள் பேனட்டைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிடுவார்கள். அதன் கியர் ஆயிலை மாற்றுவதும் சூட்டைக் கவனிப்பதும் அக்காதான். நான் அங்கே நர்ஸ். பொறுமை என்பது என்னிடம் மருந்துக்கும் கிடையாது. அதனாலேயே இந்த மனுஷியைப் பார்த்து எனக்கு வியப்பு தீருவதில்லை.

போன ஆயுதபூஜை முடிந்த கையோடு, ஜவ்வாது மலையிலிருந்து காசியம்மாளைக் கூட்டிவரக் கிளம்பினோம். சாமை பயிரிடுகிற பெண், இரண்டு கண்ணிலும் புரை. முன்பு ஒருமுறை ஆபரேஷனுக்கு வந்து, எல்லோரும் அவசரப்படுத்துகிறார்கள் என்று பயந்து ஊர் திரும்பிவிட்டவர். "இந்த ஒரு தபாதான். காலையில வண்டி வந்தா வரேன், இல்லன்னா ஆள விட்டுடுங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார். வெளியூர் டாக்டரும் அன்று சாயங்காலம் வரைதான் இருப்பார்.

மலையில் பாதி ஏறியதும் கியர் ஆயில் சூடேறினால் எரியும் மஞ்சள் விளக்கு எரிந்தது. கருகல் வாடை. அக்கா ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, என்ஜினை ஓடவிட்டபடியே இறங்கினார்.

"அக்கா, ஆஃப் பண்ணுங்க! எரிஞ்சிடப் போவுது!"

"ஆஃப் பண்ணா ஆயில் சுத்தாதும்மா. சூடு உள்ளியே நின்னுடும். கொஞ்சம் இரு."

விளக்கு அணைவேனா என்றது. நான் குட்டி போட்ட பூனை மாதிரி ரோட்டில் நடந்தேன். அக்கா குனிந்து, முன்பக்கக் கம்பிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கையை விட்டு மெல்ல இழுத்தார். வந்தது ஒரு பட்டுத் துண்டு! அரக்கு நிறம், ஜரிகைக் கரை, மஞ்சள் குங்குமம் வேறு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பூஜையன்று வண்டியை அலங்கரித்தவர் நெசவாளி ஜெயவேல். அவருடைய அம்மா இந்த வண்டியில் வந்துதான் கண் பார்வை பெற்றார். மாலையையும் வாழைக்கன்றையும் அக்கா அன்றைக்கே எடுத்துவிட்டார். ஆனால் இந்த மனிதர், அம்மனுக்குச் சாத்துகிற மாதிரி, தன் தறியில் நெய்த பட்டைத் தூசு படாமல் உள்ளே சாத்தியிருக்கிறார். அதுவும் எங்கே? கியர் ஆயிலை ஆறவைக்கிற சின்ன ரேடியேட்டர் மேலே! ஊருக்குள் ஓடும்போது தெரியவில்லை, மலையேறியதும் மூச்சு முட்டிவிட்டது.

"அந்த ஆள இன்னிக்கி நான் சும்மா விடமாட்டேன்."

"விடு சரண்யா. ஆசையா செஞ்சிகிறாரு. எங்க கட்டலாம், எங்க கட்டக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருக்கணும்."

விளக்கு அணைந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, முகர்ந்து பார்த்து, நிறம் கெடவில்லை என்று திருப்தியான பிறகே ஏறினார். லோ கியரில் போட்டு, ஏசியை நிறுத்திவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து போனார். எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காசியம்மாள் வீட்டுக்குள் படுத்துவிட்டிருந்தார்.

"நேரம் போயிடுச்சி. சாமிக்கே இஷ்டமில்ல. நான் வரல."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வண்டி சூடானது, உள்ளே பட்டு இருந்தது, ஆறும்வரை நின்றது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

காசியம்மாள் எழுந்து உட்கார்ந்தார். "ஆறுற வரிக்கும் சும்மாவா நின்னுகினு இருந்த?"

"ஆமாங்க. அவசரப்பட்டா அது தாங்காதுங்க."

"அங்க இருக்கிற டாக்டரு?"

"அவருகிட்ட நான் பேசறங்க. நீங்க சரின்னு சொல்றவரிக்கும் உங்க கையப் புடிச்சிகினு நிக்கிறேன்."

கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க நான் படாத பாடு பட்டேன். காசியம்மாள் கையை நீட்டித் தடவி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வண்டி எந்தப் பக்கம் நிக்கிது?" என்று கேட்டார்.