சுட்டவனும் சுட்டி கொடுத்தவளும்

செந்தமிழ்ச்செல்விக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. நைனார்பாளையத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சின்னசேலத்தில் ஒரு இ-சேவை மையத்தில் சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. வந்தவர் கைரேகை வைப்பதற்குள் இவள் கை போனுக்குப் போய்விடும். போனில் இருப்பது, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம். ஆறு வருஷத்தில் அதில் முந்நூற்றுச் சொச்சம் கட்டுரை எழுதியிருக்கிறாள். எலவனாசூர்கோட்டைக் கோயில், மணலூர்பேட்டை எல்லாம் அவள் கைவண்ணம்தான். பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்தவர்கள் மேல் அவள் தீர்த்துக்கொண்ட வஞ்சம் அது. அவளுக்கென்று இருந்ததும் அது ஒன்றுதான்.

இந்த மாசியில் அவள் நிம்மதியைக் கெடுத்தது ஒரு சுட்டி. லிங்க் என்பதை அங்கே எழுதுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வருஷம் முன்னால் கல்வராயன் மலைச் செடிகொடிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அதற்கு ஆதாரம், வெள்ளிமலைப் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் கலையரசன் என்பவர் போட்ட சின்னப் புத்தகம். பதினோரு வருஷம் பஸ் ஏறிய மலைச்சனங்களைக் கேட்டுக் கேட்டுச் செடிப்பெயர்களைச் சேர்த்திருந்தார் மனிதர். செல்வி புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. எவனோ ஒருவன் அதைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து தன் தளத்தில் ஏற்றியிருந்தான். அதைப் படித்தாள், கட்டுரையின் அடியில் அதற்கே சுட்டியும் கொடுத்தாள்.

கவியரசன் என்ற இன்னொரு பதிவர் இப்போது அதை எடுத்துவிட்டார். கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் காரணமும் எழுதினார்: "நூல் பெயரையும் பக்க எண்ணையும் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஆசிரியர் அனுமதி இல்லாமல் ஏற்றிய பிரதி என்று தெரிந்தே அதற்குச் சுட்டி கொடுக்கக் கூடாது. அது விதி." செல்வி திரும்பப் போட்டாள். அவர் திரும்ப எடுத்தார். மூன்றாம் தடவை எச்சரிக்கை வந்தது: இனியும் போட்டால் எழுதும் உரிமை பறிபோகும்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்று எழுதிப் பார்த்தாள்.

"அம்புக்குப் போகுமிடம் தெரியாது. உங்களுக்குத் தெரியும்" என்று பதில் வந்தது. அன்று முழுக்க அவள் அடித்த விண்ணப்பங்களில் அப்பன் பெயரும் புருஷன் பெயரும் இடம் மாறின.

புருஷன் அய்யனார் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். சோறு ஆறிக்கொண்டிருக்க, இவள் வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பதைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாடி இது? சுட்டவன் எங்கயோ நிம்மதியா கீறான். சுட்டி குடுத்தவ நீ இப்டி குதிச்சிகினு கீற!"

"நான் இன்னா திருடுனனா? வழிதான காட்டுனேன்?"

"திருட்டுக் கோழி விக்கற கடைக்கு வழி காட்டறவளுக்கு எங்க ஊர்ல வேற பேரு" என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. புத்தகத்துக்குச் சொந்தக்காரரே சரி என்று சொல்லிவிட்டால், கவியரசனும் அய்யனாரும் வாயை மூடித்தானே ஆகவேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளக்குறிச்சி போய் வெள்ளிமலைப் பஸ்ஸைப் பிடித்தாள்.

நல்ல கூட்டம். கலையரசன் டிக்கெட் மிஷினைத் தூக்கிக்கொண்டு நெளிந்து நெளிந்து வந்தார். முடி பாதி நரைத்த ஒல்லி மனுஷன். பஸ் மலை ஏறி, நெரிசல் கொஞ்சம் குறைந்த பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"சார், உங்க பொஸ்தகம் நெட்ல கீதுங்க. தெரியுங்களா?"

"என் பொஸ்தகமா?" போனை வாங்கிப் பார்த்தார். அட்டையைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "அட! யாரும்மா போட்டது? நான் போடலியே!"

செல்வி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். எவனோ ஏற்றியது, அவள் சுட்டி கொடுத்தது, விதி, எச்சரிக்கை, எல்லாம்தான். அவர் கேட்டுக்கொண்டே விரலால் தள்ளிக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது இன்னாங்க நம்பரு? பதினோராயிரத்து நானூறு?"

"இத்தினி பேரு எறக்கிப் படிச்சிருக்காங்கன்னு அர்த்தம் சார்" என்றாள் பெருமையாக. அதில் பாதிப் பேர் தன் கட்டுரை வழியாக வந்தவர்கள் என்று சொல்லவும் வாயெடுத்தாள்.

அவர் போனைத் திருப்பித் தந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் அடிச்சது ஐந்நூறும்மா. முந்நூறு இன்னும் வூட்டுப் பரண்மேல கெடக்குது. ஒருத்தர் ஒரு லெட்டர் போடல, ஒரு போன் பண்ணல. சரி, நம்ம எழுத்து யாருக்கும் வோணாம்போலன்னு நெனச்சிகினேன். ரெண்டாவது பொஸ்தகத்துக்கு நாலு நோட்டு எழுதி வெச்சிருந்தேன். போன வருசம் பொங்கலுக்கு வூடு சுத்தம் பண்ணப்ப எடைக்குப் போட்டுட்டேன்."

பஸ் வளைவில் திரும்பியது. செல்வி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நோட்டுக்குச் செடிப்பேரு சொன்ன கெழவிங்க பாதிப் பேரு இப்ப உசுரோட இல்ல" என்றார். பிறகு, அவளைச் சமாதானப்படுத்துவது போல, "நீங்க இன்னா பண்ணுவீங்க? வழிதான் காட்டுனீங்க. இன்னா ஒண்ணு, அந்தச் சுட்டி எங்கெங்கயோ காட்டுச்சு, என்னைக் காட்டல. அவ்ளோதான். வெச்சிக்கணும்னா வெச்சிக்கங்க. நான் சொன்னேன்னு எழுதிக்கங்க."

கேட்க வந்த அனுமதி கிடைத்துவிட்டது. இப்போது அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. பதினோராயிரம் பேரில் ஒருத்தியாவது அந்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். மலைக்குக் கீழேயே இருக்கிற அவளே எழுதியிருக்கலாம். நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு மலைப்பெண் தழைக்கட்டோடு ஏறினாள். "இது இன்னா தழைங்க?" என்று செல்வி கேட்டாள். அவள் ஏதோ ஒரு பெயர் சொன்னாள். ஹாரன் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. கலையரசனுக்கு முழுதும் விழுந்திருக்கும். அவர் கை தானாகச் சட்டைப்பைப் பேனாவுக்குப் போய், அங்கேயே நின்றது.

"எழுதுங்க சார்" என்றாள் செல்வி.

"யாருக்கும்மா?" என்றார் அவர். கோபத்தில் கேட்கவில்லை; தெரியாமல்தான் கேட்டார்.