ராசாத்திக்கு விட்ட இடம்

மழையில் ஊறிய நாற்றுமுடியை அவிழ்க்கும்போது பச்சையும் சேறும் லேசான அழுகலும் கலந்து ஒரு வாசனை எழும். ஊரே அதை ஆசையாக முகரும். நானோ இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடத்துச் சம்பா நடவுதான் அதற்குக் காரணம்.

அந்த ஐப்பசியில் என் அம்மா ராசாத்திக்கு எலிக்காய்ச்சல் வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவும் கூடவே போய்விட்டார். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து எங்கள் ஊரில், அம்மாவும் சேர்ந்து நடப்போகும் பெண்கள் செட்டுக்குத் தலைவியான பக்கத்து வீட்டுக் காளியம்மா அத்தைதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். தனியே விட மனமில்லாமல் வயலுக்கு அழைத்துப்போய் வரப்பில் உட்கார வைப்பாள்.

பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டபடியே பின்னால் நகர்ந்து வருவார்கள். வரிசையின் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. வரிசை நகர்ந்தால் அந்தக் காலி இடமும் கூடவே நகர்ந்தது. இரண்டு பக்கத்துப் பெண்களும் கையை நீட்டி அதிலும் நட்டார்கள். ஆளே இல்லாத இடத்தில் பயிர் முளைத்துக்கொண்டு வந்தது. அதோடு விட்டார்களா? "என்னடி ராசாத்தி, இன்னிக்கி வாயே தொறக்க மாட்டேங்குற?" என்று அந்த இடத்தைக் கேட்பார்கள். பிறகு பதில் வந்தது போலக் கொல்லென்று சிரிப்பார்கள். நான் வரப்பில் இன்னும் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வேன்.

கஞ்சி குடிக்கும்போது அத்தையிடம் கேட்டேன். "செட்டுல ஒருத்தி படுத்துட்டா அவ எடத்த மூட மாட்டோம் பாப்பா. மூடுனா நீ வரவேணாம்னு நாமளே சொன்ன மாதிரி" என்றாள். அதன்பிறகு அந்த இடத்தைப் பார்க்கவும் பயம், கண்ணை எடுத்தால் மூடிவிடுவார்களோ என்றும் பயம்.

ஒரு நாள் தூறலில் சித்தப்பா சைக்கிளை வரப்போரம் சாய்த்துவிட்டு வந்தார். "டாக்டர் கைய விரிச்சிட்டாருங்க. இன்னிக்குப் பொழுது தாங்காதாம்" என்று அத்தையிடம் மெதுவாகத்தான் சொன்னார், எனக்கும் கேட்டது. வயலில் எல்லாக் கைகளும் நின்றன. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த தனம் அக்கா அழுதபடி, தன்னையறியாமல் நடுவே காலெடுத்து வைத்தாள்.

"நவுராதடி! அவ நிக்கிறது கண்ணு தெரியல?" என்று அத்தை போட்ட சத்தத்தில் தனம் அக்கா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அத்தை ஒரு நாற்றுமுடியை அந்த வெற்றிடத்தை நோக்கி நீட்டி, "ராசாத்தி! புடிடி நாத்த!" என்று கத்தினாள். அடுத்தவள் கத்தினாள். அப்புறம் எல்லோரும். மழைமூட்டத்தில் முகங்கள் தெரியவில்லை, அம்மாவின் பெயர் மட்டும் வயல் முழுக்கக் கேட்டது. நானும் தொண்டை கிழிய "அம்மா" என்றேன். அந்த இடத்துத் தண்ணீர் அலைந்தது. நாற்று ஊன்றிய அலைதான், வேறென்ன! வயல் முடியும்வரை அவர்கள் ஓயவில்லை.

அம்மா பிழைத்து வந்தாள். எலும்பும் தோலுமாக வந்தவள் வயலில் நடந்ததை யாரும் சொல்வதற்கு முன்பே என்னிடம் சிடுசிடுத்தாள்: "கண்ண மூட விட்டாளுவளாடி? பேரச் சொல்லிக் கத்துறாளுவ, கையில நாத்தத் திணிக்கிறாளுவ. இடுப்பு ஒடிஞ்சி போச்சு." அத்தை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்படி அழுகிற அத்தையை நான் அதுவரை பார்த்ததில்லை.

இப்போது எங்கள் பக்கம் நடவு இயந்திரம் வந்துவிட்டது. செட்டில் இருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில், பிள்ளைகளோடு திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். போன சம்பாவில் காளியம்மா அத்தை அதே நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள்; திரும்பவில்லை. அவள் நிலைமை மோசம் என்று சேதி வந்த அன்று, ஊருக்குப் போயிருந்த நான் அம்மாவைத் தேடிக்கொண்டு வயலுக்கு ஓடினேன். இயந்திரம் இடைவெளியே இல்லாமல் நட்டு முடித்துப் போயிருந்தது. அம்மா முழங்கால் சேற்றில் நின்று "காளி! காளி!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீயும் கூப்புடுடி. நான் ஒருத்தி கூப்புட்டா அவளுக்குக் கேக்காது."