ஸ்டெல்லாவுக்குப் போட்ட டச்சிங்

அன்று ஸ்டுடியோவில் முதலாளி கல்லாவில் இருந்தார். செல்வி போட்டோ வெட்டிக்கொண்டிருந்தாள். காலேஜ் ஹாஸ்டல் வார்டன் அலமேலு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் ஸ்டெல்லா. கேமராவோடு நான். ஐந்து பேர்.

இன்று காலை, இப்போது நான் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவின் இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடி இரும்புப் பெட்டியைக் கிளறினேன். சின்னக் கவர் ஒன்று விழுந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். போட்டோ பேப்பரின் புளித்த வாடை இன்னும் போகவில்லை. தேட வந்ததை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் பதினோரு வருஷம் இருந்தேன். படம் எடுப்பேன், கம்ப்யூட்டரில் டச்சிங் செய்வேன். டச்சிங் என்றால் பருவை எடுப்பது, முடியைச் சரிசெய்வது, கடைசியில் முகத்தை வெளுப்பாக்குவது. யாரும் கேட்க வேண்டாம். டீயில் சர்க்கரை போடுகிற மாதிரி நாங்களே போட்டுவிடுவோம். என் கல்யாண பேனரில் எனக்கு நானே போட்டுக்கொண்டேன். என்னைப் பெற்றவள் மண்டப வாசலில் நின்று, "மாப்ள யார்ரா இது?" என்றாள்.

ஸ்டெல்லா உகாண்டாவிலிருந்து வந்து இங்கே நர்சிங் படித்தவள். மூன்று வருஷத்தில் எங்கள் பேச்சு அவளுக்கு வந்துவிட்டது. "இன்னாண்ணா, வூட்ல எல்லாம் சௌக்கியமா?" என்பாள். கடைக்காரர்கள் கூப்பிட்டு வைத்துப் பேசச் சொல்வார்கள்.

அவள் அக்கா மால்டாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். மால்டா ஒரு தீவு. மத்தியதரைக் கடலில் இருக்கிறது. ஸ்டெல்லா போனில் காட்டினாள். மஞ்சள் கல் வீடுகள், சுற்றிலும் நீலத் தண்ணீர்.

"எம்மாம் பெருசும்மா?"

"உங்க கல்வராயன் மலைல பாதிகூட இருக்காதுண்ணா."

அக்காவைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அக்காவுக்கு அங்கேயே கல்யாணம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். சர்ச்சில் அக்காவின் கையைப் பிடித்து நடத்திப் போக இவள் ஒருத்திதான். எந்த பஸ், எந்த விமானம், எங்கே மாறுவது எல்லாம் நோட்டில் எழுதியிருந்தாள். கல்யாணத்துக்கு மறுநாள், கடலில் கால் நனைப்பது. அவள் நாட்டில் கடல் கிடையாதாம். விசா மட்டும்தான் பாக்கி. அதற்குத்தான் போட்டோ.

அன்று படம் எடுக்கும் முன் செல்வி அவளிடம் பவுடர் டப்பாவை நீட்டினாள்.

"வேணாங்க்கா. மாவுல வுழுந்தவ மாதிரி இருப்பேன்."

எல்லோரும் சிரித்தோம். அலமேலு அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எடுத்தேன். அவர்கள் சாப்பிடப் போனார்கள்.

நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். வெளிநாடு போகிற பிள்ளை, நன்றாக இருக்கட்டும் என்று மற்றவர்களுக்குப் போடுவதைவிட ஜாஸ்தியாகப் போட்டேன். பவுடர் வேண்டாம் என்றது காதில் விழுந்ததுதான். அது பவுடர், இது டச்சிங் என்று நினைத்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "சோக்கா கீதுடா" என்றார். திரும்பி வந்தவள் சென்னை பஸ் கிளம்பிக்கினு இருக்குது என்று கவரை வாங்கிக்கொண்டு ஓடினாள். அங்கே விசா ஆபீஸ் வரிசையில் நின்றபோதுதான் பிரித்தாளாம். வேறு வழியில்லாமல் ஒட்டிக் கொடுத்தாளாம்.

மூன்று வாரம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். அலமேலு அக்கா கையில் ஒரு கடிதம்.

"விசா இல்லன்ட்டாங்கப்பா. போட்டோவுல கீறவங்களும் பாஸ்போர்ட்டுல கீறவங்களும் ஒரே ஆளுன்னு சொல்ல முடியலயாம்."

கல்யாணத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"மறுபடி எடுக்கலாம்மா," என்றார் முதலாளி.

"யாருக்கு சார்?" என்றாள் ஸ்டெல்லா. பிறகு என்னைப் பார்த்தாள். "நான் கேக்கலியேண்ணா."

"யாரையும் கேக்கறதில்லம்மா," என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே காதில் விழுந்தது.

கவரைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்போது வெள்ளிமலையிலிருந்து வந்த ஒருவர் ஞாபகம் வந்தார். செத்துப்போன அப்பாவின் ஓட்டர் கார்டு படத்தைக் கொடுத்து, மாலை போடுவதற்குப் பெரிதாக்கிக் கேட்டவர். பிரேம் போட்டுக் கொடுத்தோம். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எங்கப்பா இவ்ளோ செவப்பு கெடையாதுங்களே."

"சாமி ஆயிட்டாரு இல்ல, அப்பிடித்தான் இருப்பாரு," என்றார் முதலாளி. நானும் சிரித்தேன். அவர் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினார். அந்த வீட்டுச் சுவரில் இப்போதும் யாரோ ஒருவருக்குத்தான் மாலை போடுகிறார்கள்.

அன்று கடையை மூடாமல் அந்த மாசத்துப் படங்களை எல்லாம் திறந்து பார்த்தேன். கல்யாணம், காதுகுத்து, ஸ்கூல் ஐடி கார்டு. சொந்த நிறத்தில் ஒரு முகம் இல்லை. நான் எடுத்ததுதான் எல்லாம்.

கல்யாணத்தை ஸ்டெல்லா ஹாஸ்டல் மாடியில் போனில் பார்த்தாளாம். அலமேலு அக்கா சொன்னார். சர்ச்சில் ஸ்டெல்லாவின் அக்கா தனியாகவே நடந்தாளாம்.

படிப்பு முடிந்து ஸ்டெல்லா ஊருக்குப் போய்விட்டாள். தீவைப் பார்த்தாளா, தெரியாது. முதலாளி இறந்துவிட்டார். அவர் மாலைப் படத்தை நான்தான் செய்தேன். கை வைக்காமல் கொடுத்தேன். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். இப்போது போனே டச்சிங் போட்டுவிடுகிறது. அதுவும் யாரையும் கேட்பதில்லை.

ஒன்றையாவது அவள் வைத்துக்கொண்டிருப்பாளா என்று அந்தக் கவரைக் கவிழ்த்து எண்ணினேன். அன்று எட்டு பிரிண்ட் போட்டேன். விண்ணப்பத்தோடு போனது இரண்டு.

ஆறு.