இடது கையால் போட்ட கோடு

கண்ணாடி மொத்தக்கடைக்காரருக்கு நான் ஒரு லாரிக் கண்ணாடியின் விலையைக் கடன்பட்டிருந்தேன். அவரும் எங்கள் சபைக்காரர் என்பதால் வட்டி கிடையாது. ஆனால் வருஷ முடிவுக்குள் கொடுக்காவிட்டால் என் பட்டறை அவருக்கு என்று பேச்சு.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் கண்ணாடி வெட்டுவதில் என்னைத் தாண்டினவன் இந்த ஊரில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் முன்பக்கக் கண்ணாடி முழுக்க நான் வெட்டியது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சிலர் சொல்லிக்கொள்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த லாரிச் சரக்கை இறக்கும்போது கட்டியிருந்த பட்டை அறுந்து, நிறுத்தி வைத்த கண்ணாடியெல்லாம் மொத்தமாகச் சாய்ந்தது. சாய்கிற கண்ணாடியை விட்டு விலகி நில் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது கடனுக்கு வாங்கிய சரக்கு. கை தானாக நீண்டுவிட்டது. சரக்கும் போயிற்று, வலது கை நரம்பும் போயிற்று. தைத்துவிட்டார்கள். மூன்று விரல் மடங்கவில்லை.

அதுவரை ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனவன் நான். காணிக்கையும் தாராளமாகப் போடுவேன். ஆனால் ஆண்டவர் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும், என்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்தபோது அந்த நினைப்பு போன இடம் தெரியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். சபையிலிருந்து யார் வந்தாலும் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஒரு நாள் காலை என் மனைவி பட்டறைச் சாவியைக் கொண்டுவந்து என் இடது கையில் வைத்தாள்.

"எழுந்திருங்க. இந்தக் கை நல்லாத்தானே இருக்கு?"

"அது சும்மா கூட வர்ற கை."

"இத்தனை வருஷம் சும்மா வந்துச்சுல்ல, இனிமே வேலை செய்யட்டும்."

கண்ணாடியை வெட்டுவது மரத்தை அறுப்பது போல அல்ல. சின்னச் சக்கரம் வைத்த கருவியால் ஒரே இழுப்பில், ஒரே அழுத்தத்தில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு மேசை விளிம்பில் வைத்து அமுக்கினால் கோட்டோடு பிரியும். போட்ட கோட்டின் மேல் இன்னொரு தரம் இழுத்தால் கண்ணாடி கெட்டது. கோபம் இருந்தால் கை அதிகம் அழுத்தும், பயம் இருந்தால் குறைவாக அழுத்தும். அப்போது எனக்கு இரண்டும் இருந்தது. கொல்லையில் குவிந்து கிடந்த அந்த லாரிச் சரக்கின் துண்டுகளை எடுத்துப் பழகினேன். எல்லாம் கோணலாக உடைந்தது.

அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவள் சொன்னாள்: "ஜெபம் பண்ணிட்டுப் போடுங்க."

"கண்ணாடிக்கு ஜெபமா?"

"கண்ணாடிக்கு எதுக்கு? அது பேசாமத்தானே கிடக்கு. ஜெபம் உங்களுக்கு."

அவளே கண்ணை மூடினாள். கடனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கண் தப்பினதற்கு நன்றி சொன்னாள், மிச்சமிருக்கிற கைக்கு நன்றி சொன்னாள், கொல்லையில் கிடக்கிற துண்டுகளுக்குக்கூட நன்றி சொன்னாள். போனதையே நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் இருப்பதைக் கணக்குப் பார்க்கிறாள். "ஆண்டவரே, என்னால முடியல" என்றேன். அந்த வார்த்தை அதற்கு முன் என் வாயில் வந்ததே இல்லை. சொன்ன பிறகு, யாரோ பாரத்தில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட மாதிரி தோள் இறங்கியது. கையும் அடங்கியது.

அடுத்த கோட்டிலேயே கண்ணாடி சுத்தமாகப் பிரிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கு மேலும் பல துண்டுகள் வீணாயின. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஜெபித்தோம். அந்த வாரக் கடைசியில் ஒன்று டக்கென்று நேராகப் பிரிந்தது. அவள் அளவுகோலைப் போட்டுவிட்டு அழுதாள். நான் அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு, ஆண்டவர் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றேன். சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. "கர்த்தர் என் கடனை அடைச்சிட்டார்" என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பின்வரிசையில் மொத்தக்கடைக்காரர் மட்டும் சொல்லவில்லை.

வாசலில் பிடித்துக்கொண்டார். "பிரதர், சாட்சி ரொம்ப நல்லா இருந்துச்சு. அந்தப் பணம் எந்த வழியா வருதுன்னு சொன்னீங்கன்னா போய் எதிர்ல நின்னு வாங்கிக்குவேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் என் மனைவி, "என்னங்க இது?" என்றாள்.

"விசுவாசத்துல சொன்னேன்."

"சரி. அப்போ விசுவாசத்தோட நாளைக்குச் சீக்கிரம் கடையைத் திறங்க."

அன்று அப்படிச் சொன்னது தப்பு என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனென்றால் அந்தச் சிரிப்புதான் வேலையைக் கொண்டுவந்தது. "கடன் அடைஞ்சவரே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கேலி பண்ணிக்கொண்டே ஒருவர் விரிசல் விட்ட போட்டோ சட்டத்தைக் கொண்டுவந்தார். இன்னொருவர் அலமாரிக் கதவு, போதகர் சுவர்க்கடிகாரம். சின்ன வேலைக்குப் பெரிய கண்ணாடி எதற்கு? கொல்லையில் கிடந்த துண்டுகளே போதும். குப்பை என்று நினைத்த சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் காசானது. பெரிய கட்டட வேலை பார்த்த நான் போட்டோ சட்டத்துக்குக் கண்ணாடி வெட்டினேன். அதிலும் என் விளிம்பு மாதிரி விளிம்பு யாருக்கும் வராது. ஆனால் கோடு போடும் முன் கண்ணை மூடுவதை விடவில்லை. பணம் சேராத வாரங்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது அது ஒன்றுதான்.

வருஷத்தின் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் மொத்தக்கடைக்காரரைச் சபை வாசலில் நிறுத்தினேன். நான் எடுத்த பணக்கட்டைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்தார்.

"குடுங்க பிரதர், வீட்ல போய் எண்ணிக்கிறேன்."

"இல்ல, இங்கயே எண்ணணும். கையை நீட்டுங்க."

நீட்டினார். மடங்காத விரல்களுக்கு நடுவே கட்டைச் செருகிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு தாளாக உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன். தாள் ஒட்டிக்கொண்ட இடத்தில் என் மனைவி விரலை நனைத்துப் பிரித்துக் கொடுத்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசித் தாள் வரைக்கும் கையை நீட்டியபடியே நின்றார்.