மூன்று விரல் மேரிராணி

ஓசூர் சிப்காட்டில் 'மூணு வெரல் மேரி' என்றால் தெரியாதவர்கள் குறைவு. அப்படிக் கூப்பிட்டால் மேரிராணிக்குக் கோபம் வராது. 'ராணி'யை ஏன் விட்டீர்கள் என்றுதான் சண்டைக்கு வருவாள்.

பவர் பிரஸ் இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டும். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே போகக் கூடாது என்றே அந்த ஏற்பாடு. டார்கெட் எட்டாத நாளில் ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிட்டு, மிச்சக் கையால் தகடு தள்ளுவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மேரிராணி செய்ததும் அதுதான். இரண்டு விரல் போயிற்று. எந்திரம் தானாக இறங்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாள்.

குணமளிக்கும் ஜெபக் கூட்டம் எங்கே நடந்தாலும் போய்க் கையை நீட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். விரல் என்ன, நகம்கூட முளைக்கவில்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தாலே வரும் நடுக்கம் மெல்ல மெல்ல நின்றது. ஆண்டவர் தன்னைத் தொட்டார் என்று அவள் சொல்வது இதைத்தான். அதிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும், ஆஸ்பத்திரியில் கை அடிபட்டவர்கள் கிடக்கும் வார்டுக்குப் போவாள். சோறு ஊட்டுவாள், தலை வாரிவிடுவாள்.

போன மாதம் அங்கே ஜவளகிரிக்காரி சென்னம்மா கிடந்தாள். அவளுக்கும் பிரஸ்தான், நான்கு விரல். பத்து மாதக் குழந்தை புருஷன் வெங்கடப்பன் மடியில் வீறிட்டு அழுதது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று நாளாகக் குழந்தையைத் தொடவில்லை, தானும் சாப்பிடவில்லை. வெங்கடப்பன் தமிழிலும் கன்னடத்திலும் கெஞ்சி ஓய்ந்திருந்தான். மேரிராணி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றினாள். ஆறிப்போன பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சென்னம்மா சுவரிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"நான்தான் டேப் ஒட்டுனேன் அக்கா. சாமி தண்டிச்சிருச்சு. இந்தக் கையால புள்ளயத் தொட்டா அதுக்கும் ஏதாச்சும் ஆயிரும்."

மேரிராணியோடு வந்திருந்த சுகுணா அவள் கம்பெனிக்காரி, ஒன்பது வருடமாக எந்திரக் கதையை நம்பியவள், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். தேவவசனங்கள் எத்தனையோ மேரிராணிக்கு மனப்பாடம். ஒன்றும் இங்கே உதவாது என்று தெரிந்தது.

"நானும் டேப் ஒட்டுனவதான் கண்ணு," என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி. "மெஷின் மேல பழியப் போட்டுட்டுத் திரிஞ்சேன். சாமி என்னத் தண்டிக்கல. இந்தக் கையாலதான் என் மவள வளத்தேன்."

சென்னம்மா திரும்பினாள். அந்த மூன்று விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கட்டுப் போட்ட கையை நீட்டினாள். வெங்கடப்பன் அதில் குழந்தையை வைக்க, மேரிராணி அடியில் தன் கையைக் கொடுத்தாள். குழந்தை அழுகையை நிறுத்த வெகுநேரமாயிற்று. தாய் விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் சுகுணா ஜன்னலோர இடத்தை மேரிராணிக்கு விட்டுக்கொடுத்தாள். பெருமைப்படுவது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தது மேரிராணிக்கு ஞாபகம் வந்தது.

"கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு ஆண்டவரே, பொறுத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு, வீடு வரைக்கும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.