கோழி வருமுன்

பிராங்பேர்ட்டில், சிலி நாட்டு அகதிகள் நடத்தும் உணவகத்தில் இருக்கிறோம். அக்காவுக்கு நாலாம் மாதம். ஒரு கிழமையாக எந்தச் சாப்பாடும் வயிற்றில் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எடுப்போடு மெனுவைத் திறக்கிறேன். முழுவதும் ஸ்பானிஷ்! பரிமாறும் பெண்ணிடம் ஜெர்மனில், "மாட்டிறைச்சி வேண்டாம், கோழி தாருங்கள்" என்கிறேன்.

முதலில் பாண் ரொட்டித் துண்டுகளும் ஒரு கிண்ணமும் வருகின்றன. கிண்ணத்தில் பச்சைமிளகாய், வெங்காயம், கொத்தமல்லி இலை, புளிப்பு. அக்கா பாணைத் தோய்த்து வாயில் வைக்கிறாள்.

"எடியே, எங்கட ஊர்ச் சம்பல்!"

கோழி வருமுன் கிண்ணம் காலி.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். "அது கோழிக்குத் தொட்டுக்கொள்ள. ஜெர்மன்காரர் ஒரு கரண்டி வாயில் வைத்ததுமே உறைப்பில் தண்ணீர் கேட்பார்கள்."

வெட்கத்தில் குனிகிறேன். அக்கா மேசைக்கடியில் காலால் இடிக்கிறாள்.

"நீ படிச்சனியெல்லே? இன்னும் கொஞ்சம் கேளன்."

நிமிர்ந்து கேட்கிறேன். இம்முறை சட்டியோடு வருகிறது.