கக்குவானைத் துரத்தும் சங்கிலி அக்கா

"சரி, பழகினவங்களை எல்லாம் விடுங்க. இப்ப யார் மேல கோவமா இருக்கீங்க, அதைச் சொல்லுங்க" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சங்கிலி அக்கா வாகாகச் சாய்ந்துகொள்கிறாள். இனி அவள் பேச வேண்டியதில்லை. அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும்.

நோய் யாரிடமிருந்து யாருக்குத் தாவியது என்று கண்ணி கண்ணியாகக் கோப்பதுதான் சுகாதார அலுவலகத்தில் அவள் வேலை. பெயர் அதனால் வந்தது. கழுத்தில் ஒரு குந்துமணி நகைகூடக் கிடையாது. யாரோடு பழகினீர்கள் என்று கேட்டால் மனிதர்கள் உடனே துறவிகளாகிவிடுகிறார்கள். "வீடு விட்டா வேலை, வேலை விட்டா வீடும்மா" என்பார்கள். யாரைப் பிடிக்காது என்று கேட்டால், அதே துறவி பாதி ஊரோடு உரசிவிட்டு வந்திருப்பது தெரியும்.

ஊரார் வீட்டு அடுப்படிவரை துப்புத் துலக்கும் அக்காவுக்குத் தன் வீட்டுக் கூடத்தில் நடப்பது தெரியாது. ஓய்வுபெற்ற கணவர் தினமும் மாலையில் நடக்கப் போகிறார். நடந்து இளைத்ததாகத் தெரியவில்லை. சில நாளாக இருமுகிறார். "தூசி" என்கிறார். "அப்ப ஃபேனைத் துடைங்க" என்கிறாள் அக்கா. உள்ளறையில் மகளும் அவளுடைய கைக்குழந்தையும்.

இந்த முறை வந்தது கக்குவான் இருமல். பெரியவர்களை உலுக்கி எடுப்பதோடு விட்டுவிடும். தடுப்பூசி போடும் வயது வராத சிசுவுக்கு வந்தால் மூச்சையே நிறுத்தப் பார்க்கும். ஒரு பல் டாக்டர், ஒரு ரொட்டிக்கடைக்காரர், ஒரு பஸ் கண்டக்டர். மூவருக்கும் நோய் ஒன்று. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்று சாதித்தார்கள். கண்டக்டர்தான் கோபத்தில் கோட்டைவிட்டார்.

"பக்கத்துல நின்னு பாடற பெருசு மேலதான்க்கா கோவம்!"

"பாடறதா? எங்க?"

கண்டக்டரின் குரல் சட்டென்று தாழ்ந்தது.

"பாட்டு வகுப்புக்கா. வெளியில சொல்லிடாதீங்க, டிப்போல ஓட்டியே கொன்னுடுவாங்க. டாக்டர், ரொட்டிக்கடை அண்ணன் எல்லாரும் வர்றாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றதால ஜன்னலைச் சாத்திட்டுத்தான் பாடுவோம். அந்தப் பெருசு என் காதுலயே இருமுது. பாடிட்டு 'அடடா'ன்னு தன்னையே மெச்சிக்குது. தாளம் வேற! தன் தொடைல போட வேண்டியதுதானே? என் தொடைல போடுது!"

அக்காவின் கை தானாகத் தன் தொடைக்குப் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தாளத்தை வாங்கிவரும் தொடை அது.

வீட்டு எண்ணைச் சுழற்றினாள். "வணக்கம் சார். சுகாதார அலுவலகத்திலேர்ந்து பேசறோம்."

"ஏய், என்ன விளையாட்டு இது?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பாட்டு வகுப்புக்குப் போறீங்களா?"

பதிலுக்கு இருமல். மூச்சு முட்ட நீண்டு, கடைசியில் ஊளைபோல ஓர் இழுப்பு. தூசிக்கு அப்படி இழுக்கத் தெரியாது.

"நீ சிரிப்பேன்னுதான் சொல்லல."

"சிரிப்பை அப்புறம் வெச்சுக்கறேன். குழந்தையைத் தூக்கினீங்களா?" குரலிலிருந்து அலுவலகம் காணாமல் போயிருந்தது.

"எங்க தூக்க விட்டா? 'கீழ போட்டுடுவீங்கப்பா'ன்னு விரட்டறா உன் பொண்ணு. சொந்தப் பேரனைக் கதவுக்கு வெளிய நின்னு பார்க்கறேன். அந்த அறைக்குள்ள உனக்கு மட்டும்தான் அனுமதி. ராத்திரி எல்லாம் என் பக்கத்துல படுத்துட்டு, விடிஞ்சதும் ஓடிப்போய் மடில போட்டுக் கொஞ்சறியே, எனக்கு வயிறு எரியாதா?"

அக்கா தொலைபேசியை வைத்தாள்.

"என்னக்கா, அடுத்த கண்ணி யாரு?" என்றான் எதிர் மேஜைக்காரன்.

அவள் முகக்கவசத்தை மாட்டினாள். தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே போய், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு மகளைக் கூப்பிட, கம்பிகளின் வழியே தொலைபேசிக்காகக் கையை நீட்டினாள்.